வால்ட்டரைத் தேடி வந்த பெரியவர்

போஸ்னியாவின் தலைநகர் சரயேவோவின் பழைய கடைத்தெருவில் ஒரு சீனப் பெரியவரைச் சந்தித்தேன். எழுபதைத் தாண்டியவர். செம்புப் பாத்திரக் கடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார், எதையும் வாங்கவில்லை. "தாத்தா வால்ட்டர் நடந்த தெருவைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார்" என்றாள் கூட வந்த பேத்தி.

வால்ட்டர், நாஜிகளை எதிர்த்துச் சரயேவோவில் இயங்கிய தலைமறைவுப் படையின் தலைவர். 1972இல் வந்த யூகோஸ்லாவியப் படத்தில் அவராக நடித்தவர் பாத்தா ஜிவோயினோவிச் என்ற செர்பியர். வெளிநாட்டுப் படங்களே அபூர்வமாக இருந்த காலத்தில் அது சீனா முழுக்க ஓடியது. அந்தத் தலைமுறைக்கு அவர் வீட்டு மனிதர் மாதிரி.

பெரியவர் ஒரு காட்சியை நடித்தே காட்டினார். சுட்டுக் கொல்லப்பட்ட இளைஞர்களின் உடல்கள் சதுக்கத்தில் கிடக்கின்றன. உறவினர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று ஜெர்மானியர்கள் அறிவிக்கிறார்கள். வந்தால் அவர்களையும் சுடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். மகளை இழந்த கடிகாரக்காரர் முன்னே வருகிறார். அவரோடு வால்ட்டரும் நடக்கிறார். அப்புறம் கூட்டமே நகர்கிறது. பெரியவர் அங்கே எடுத்துவைத்தது ஒரே ஒரு அடிதான், எனக்குச் சிலிர்த்துவிட்டது. பாத்தாவின் பலமே அதுதான் என்று நினைக்கிறேன். முகத்தை இறுக்கமாட்டார், குரலை உயர்த்தமாட்டார். அந்தக் கனத்த உடம்பு நகர்ந்தாலே போதும்.

பாத்தா 1933இல் செர்பியாவின் கொராச்சித்சா கிராமத்தில் பிறந்தவர். படம், தொலைக்காட்சி எல்லாம் சேர்த்து 300க்கும் மேல் நடித்தார். 2002இல் செர்பிய அதிபர் தேர்தலில்கூட நின்று தோற்றார். 2016இல் காலமானார். துப்பாக்கி ஏந்திய வேடங்களே அதிகம் என்பதால் பலரும் அவரைப் போர்ப்பட நாயகனாகவே நினைக்கிறார்கள். அது அவருக்குச் செய்யும் அநியாயம். அலெக்சாண்டர் பெத்ரோவிச் இயக்கிய, 1967இல் கான் திரைப்பட விழாவில் பரிசு வாங்கிய ஜிப்சிகள் பற்றிய படத்தில் அவர் இறகு வியாபாரி மிர்த்தா. இறகு மூட்டைகளுக்கு நடுவே நடக்கும் கத்திச் சண்டையைப் பாருங்கள், வால்ட்டர் எங்கே போனார் என்று தேடுவீர்கள்.

ஆனாலும் முதலில் பார்க்க வேண்டியது, அதே இயக்குநரின் 1965ஆம் ஆண்டுப் படம் 'த்ரி' (மூன்று). ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. போர் தொடங்கும்போது ஒரு நிரபராதியைச் சுடுவதைப் பார்க்கிறான் பாத்தா நடித்த மிலோஷ். நடுவில் அவனையே ஜெர்மானியர்கள் துரத்துகிறார்கள். முடிவில் அவன் வென்ற படையின் அதிகாரி, சுடப்படப்போகும் ஒரு இளம்பெண்ணை ஜன்னல் வழியாகப் பார்க்கிறான். தடுக்கும் இடத்தில் இருந்தும் தடுக்கவில்லை. பாத்தா அங்கே ஏறக்குறைய எதுவுமே பேசுவதில்லை.