வியூவில் புது ஃபீல்டு வரவில்லை, வழி சொல்லுங்க

போஸ்ட்கிரஸ்ல (டேட்டாபேஸ் மென்பொருள்) ஒரு சிக்கல். பில்லிங் டேட்டாபேஸ்ல விற்பனை டேபிளுக்கு 'செலக்ட் ஸ்டார்' (எல்லா ஃபீல்டையும் எடுன்னு அர்த்தம்) போட்டு ஒரு வியூ, அதாவது டேபிள் மாதிரி பார்க்கிற சேமிச்ச குவெரி, வச்சிருந்தேன் (சோம்பேறித்தனம்தான், திட்டாதீங்க). போன வாரம் டேபிள்ல தள்ளுபடிக்கு ஒரு ஃபீல்டு சேர்த்தேன். வியூவுல அது வரவே இல்ல. வியூவை உருவாக்குற அன்னைக்கு என்னென்ன ஃபீல்டு இருந்ததோ அதோட ஸ்டார் நின்னுடும்னு அப்புறம்தான் புரிஞ்சுது.

சரின்னு 'கிரியேட் ஆர் ரீப்ளேஸ் வியூ' (இருக்கிற வியூவை மாத்தி எழுதுற கட்டளை) கொடுத்து, தொகைக்குப் பக்கத்துல தள்ளுபடியை நுழைச்சேன். பழைய ஃபீல்டு பேரை மாத்த முடியாதுன்னு எரர். புதுசு கடைசியில மட்டும்தான் சேருமாம். ஆனா அறிக்கையில அது நடுவுலதான் வேணும்.

வியூவை டிராப் பண்ணலாம்னா (நீக்கலாம்னா), இதை நம்பி இன்னும் 3 வியூ இருக்கு. கேஸ்கேட் கொடுத்தா அதுவும் சேர்ந்து போயிடும். நாலையும் ஒரே டிரான்சாக்‌ஷன்ல (எல்லாம் சேர்ந்து நடக்கும், இல்லன்னா எதுவுமே நடக்காது) டிராப் பண்ணி திரும்ப உருவாக்குறதுதான் வழியா? கிராண்ட் (யார் பார்க்கலாம்ங்கிற அனுமதி) எல்லாம் மறுபடி கொடுக்கணுமா? செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க.