புதுப்பிப்பு: உப்புக்காற்றில் கழன்ற அம்பிறகுக்கு எந்தப் பசை நின்றது

கடலோர ஊரான மண்டபம் பக்கம் கார்பன் அம்புகளில் வான்கோழி இறகு முன்முனையிலிருந்து கிளம்பி வருகிறது, என்ன பசை போடலாம் என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

ஜெல் வகை சூப்பர் குளூ சொன்னவர் யோசனைதான் நின்றது. தண்ணியான வகை இறகிழைகளுக்குள் ஏறி விறைத்துவிடுகிறது. மரவேலை வெள்ளைப் பசை இங்கே ஆகவே ஆகாது: கார்பனில் பிடிக்காது, ஈரத்தில் இளகும்.

ஆனால் பாதிக் குறை பசையில் இல்லை, அம்பின் கோலில் படியும் உப்பில். சோப்புத் தண்ணீரில் கழுவி, 400 நம்பர் உப்புத்தாளை நனைத்து, பளபளப்பு மங்கும் அளவுக்கு மட்டும் தேய்க்கணும், உள்ளிருக்கும் கார்பன் நார் தெரியக்கூடாது. காய்ந்ததும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலால் துடைத்தபின் விரல் படவே கூடாது. இறகின் அடித்தண்டையும் லேசாகத் தேய்த்து, மெல்லிய கோடாகப் பசை இட்டு, ஜிக்கில் (இறகைக் கோலோடு சரியாகப் பிடித்துவைக்கும் கருவி) அரை நிமிடம் அழுத்தினால் போதும். கழற்றியபின் இறகின் இரு முனையிலும் ஒரு சொட்டு. முன்முனைச் சொட்டை இடாமல் விட்டால், அம்பு இலக்குக்குள் புதையும்போது அங்கிருந்துதான் கிளம்பும்.

எதிர்பாராதது, ஓரத்தில் வெள்ளைப் பூப்பு. பசையின் ஆவி ஈரக்காற்றில் உறைந்து படிவதுதான், பிடிமானம் கெடுவதில்லை. பசையைக் குறைத்து, விசிறியை மெதுவாக ஓடவிட்டால் குறையும்.

திறந்த பசையை சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் வையுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் குளிர் விட்டபிறகே திறக்கணும். இல்லாவிட்டால் உள்ளே நீர் கோத்துக் கட்டியாகிவிடும்.