கெசல் ட்ரேடில ரொறன்ரோ உண்மையிலேயே தோத்ததா?

புதுப்பனிப் பெடியன்:

வணக்கம். நான் ஹொக்கி பாக்கத் தொடங்கிக் கனகாலம் இல்லை. பாக்கிறது ரொறன்ரோ அணியான லீஃப்ஸை மட்டும்தான். வேலையில ஒரு பொஸ்டன் ரசிகர் இருக்கிறார். லீஃப்ஸைப் பற்றி என்ன கதைச்சாலும் 2009இல ரெண்டு அணியும் ஆளும் பிக்கும் மாத்திக்கொண்ட கெசல் ட்ரேடைக் கொண்டுவந்து என்ர வாயை அடைச்சுப்போடுவார். தேடி வாசிச்சதில எனக்கு விளங்கினது இவ்வளவுதான்: 2009 செப்டெம்பர் 18 அண்டு பொஸ்டன் ஃபில் கெசலை ரொறன்ரோவுக்குக் குடுத்தது. ரொறன்ரோ தன்ர 2010 முதல் சுற்று பிக், ரெண்டாம் சுற்று பிக், 2011 முதல் சுற்று பிக் மூண்டையும் குடுத்தது (பிக் எண்டா, வருசா வருசம் இளம் ஆக்களைத் தெரிவு செய்யிற ட்ராஃப்டில ஒராளை எடுக்கிற உரிமை). அந்தப் பிக்குகளில பொஸ்டன் எடுத்த ஆக்கள் டைலர் செகின், ஜரட் நைட், டகி ஹமில்டன்.

ஆனா செகின் பொஸ்டனில மூண்டே மூண்டு சீசன். ஹமில்டனும் மூண்டு. நைட் இந்த அணிகள் ஆடுற லீக்கான என்.எச்.எல்.இல ஒரு மட்ச்கூட ஆடேல்லை. கெசல் எங்களுக்கு ஆறு சீசன் ஆடி, 446 மட்சில 394 பொயின்ட்ஸ் (கோலும் அசிஸ்டும் சேத்து) எடுத்திருக்கிறார். அப்பிடிப் பாத்தா நாங்கள்தானே கூட வேண்டியிருக்கிறம்? ஒரு ட்ரேட் நல்லதா கெட்டதா எண்டு எதை வச்சுச் சொல்லுறது? தெரிஞ்ச அண்ணைமார் ஆராவது விளங்கப்படுத்துங்கோ.

நீலக்கோடு:

தம்பி, பொயின்ட்ஸைக் கூட்டிப் பாத்தா நீங்கள் சொல்லுறது சரி. செகின் பொஸ்டனுக்கு 203 மட்ச் ஆடி எடுத்தது 121 பொயின்ட்ஸ். கெசலின்ர கணக்குக்குக் கிட்டவும் வராது. அப்பிடியிருந்தும் அது ரொறன்ரோவுக்குக் கெட்ட ட்ரேட் எண்டுதான் நான் சொல்லுவன். அதுக்குக் காரணம் செகினும் இல்லை, ஹமில்டனும் இல்லை.

ட்ரேட் நடந்த அண்டைக்கு செகினுக்கு 17 வயசு. பிளிமத் வேலர்ஸுக்கு ஜூனியர் ஆடிக்கொண்டிருந்த பெடியன். அவரை லீஃப்ஸ் குடுக்கேல்லை, குடுக்கவும் ஏலாது. குடுத்தது என்ன? அடுத்த ரெண்டு வருசமும் தாங்கள் எந்த இடத்தில முடிப்பம் எண்டதை. மோசமா ஆடினா பிக் மேல போகும், அதின்ர பெறுமதியும் ஏறும். "முதல் அஞ்சுக்குள்ள விழுந்தா நாங்களே வச்சிருப்பம்" எண்டு ஒரு நிபந்தனைகூடப் போடேல்லை. அதாவது தாங்கள் நல்லா ஆடுவம் எண்டு அப்ப லீஃப்ஸின்ர ஜெனரல் மனேஜர் பிரையன் பேர்க் பந்தயம் கட்டினார்.

இப்ப அந்த அணியைப் பாருங்கோ. 2004க்குப் பிறகு பிளேஓஃப் (சீசன் முடிய கப்புக்கு நடக்கிற சுற்றுகள்) பக்கமே போகேல்லை. 2008-09 சீசனில அணிக்கு அட்டவணையில 81 பொயின்ட்ஸ், லீக்கில 24ஆம் இடம். அதாலதான் 2009 ஜூனில ஏழாவது பிக் கிடைச்சு நசீம் கத்ரியை எடுத்தவை. ஏழாவது பிக் எடுத்து மூண்டு மாசத்தில அடுத்த வருசப் பிக்கை ஒரு பாதுகாப்பும் இல்லாமல் குடுக்கிறது எண்டா, அந்த மூண்டு மாசத்துக்குள்ள அணி எவ்வளவு மாறியிருக்க வேணும்? வலையைக் காக்கிற கோலிப் பக்கம் வெசா ரொஸ்கலா ஏற்கெனவே தடுமாறிக்கொண்டிருந்தார். கெசலுக்குப் பக்கத்தில நிண்டு பக் குடுக்க ஒரு முதல்தரச் சென்ரர் (நடுவில ஆடுறவர்) இல்லை. கெசலுக்கும் தோளில சத்திரசிகிச்சை நடந்திருந்தது, சீசன் தொடக்கத்தில ஆடமாட்டார் எண்டது எல்லாருக்கும் தெரியும்.

பிறகு நடந்தது: முதல் எட்டு மட்சிலயும் ஒரு வெற்றி இல்லை. நவம்பர் 3 அண்டு கெசல் வந்து இறங்கேக்க சீசன் பாதி தொலைஞ்ச மாதிரி. கடைசியில 74 பொயின்ட்ஸ், 30 அணியில 29ஆம் இடம். கீழ எட்மன்டன் மட்டும். அவை ரெய்லர் ஹோலை முதலாவதா எடுத்தவை, ரெண்டாவது பிக் பொஸ்டனுக்குப் போச்சு.

கெசலில நான் ஒரு குறையும் சொல்லமாட்டன். 21 வயசு, அதுக்கு முந்தின சீசனிலதான் பொஸ்டனுக்கு 36 கோல் அடிச்சவர், வருசம் 5.4 மில்லியன் டொலர், அஞ்சு வருச ஒப்பந்தம். அந்த வயசில அப்பிடி ஒரு விங்கர் (ஓரத்தில ஆடுறவர்) சந்தைக்கு வாறதே அருமை. வந்த நாளில இருந்து போற நாள் மட்டும் ஒரு மட்ச் விடேல்லை. கோல் கணக்கு 30, 32, 37, பிறகு 48 மட்சுக்குச் சுருங்கின சீசனில 20, திருப்பி 37, கடைசியா 25. ஆளைத் தெரிவு செய்ததில பேர்க் பிழை விடேல்லை, குடுத்த விலையிலதான் விட்டவர். ட்ராஃப்டால கட்டி எழுப்ப வேண்டிய அணி, கப்புக்கு ஒரு ஆள் குறையுது எண்ட அணி மாதிரிச் சாமான் வேண்டினது.

ஐந்துஓட்டை:

அண்ணை, கெசல் பெரிய மட்சில காணாமல் போற ஆள் எண்டதையும் கணக்கில சேக்க வேணும். எங்களை ஒருக்கால்தான் பிளேஓஃப் கொண்டுபோனவர், அதுவும் முதல் சுற்றோட சரி.

இன்னொண்டு. கெசல் இல்லாட்டி 2009-10இல அவரின்ர 30 கோலும் இல்லை. கடைசி இடத்துக்கே போயிருப்பம். பிக்கும் எங்களிட்ட இருந்திருந்தா ஹோலையே எடுத்திருக்கலாம்.

நீலக்கோடு:

ரெண்டாவது சொன்னதில ஞாயம் இருக்கு. ஆனா எட்மன்டன் 62 பொயின்ட்ஸ், நாங்கள் 74. கெசல் ஒராளை எடுத்துவிட்டா அந்த இடைவெளி முழுக்க நிரம்பியிருக்குமோ எண்டு எனக்குச் சந்தேகம்.

முதலாவதை மட்டும் நான் விடமாட்டன். 2013இல பொஸ்டனோட ஆடின அந்தத் தொடரில கெசல் நாலு கோல். ஏழாவது மட்ச் பொஸ்டனில. மூண்டாவது பீரியட் தொடங்கி ரெண்டு நிமிசம் சொச்சத்தில 3-1 ஆக்கினது கெசல். பிறகு கத்ரி 4-1. அதுக்குப் பிறகு நடந்ததில கெசலின்ர பங்கு என்ன? பொஸ்டனுக்கு ஹோர்ட்டன் ஒண்டு அடிச்சார். கோலியை வெளியில எடுத்துப்போட்டு ஆறு பேரோட வந்தாங்கள். 1:22 இருக்கேக்க லூசிச். 51 செக்கன் இருக்கேக்க பேர்ஜெரன் நீலக்கோட்டுப் பக்கம் இருந்து அடிச்ச பக்கை எங்கட கோலி ரைமர் கண்டிருக்கவே மாட்டார். அவருக்கு முன்னால ஆறடி ஒன்பது அங்குலச் சாரா மதில் மாதிரி நிக்கிறார். சாராவை அந்த இடத்தில இருந்து தள்ள ஒருத்தராலயும் ஏலாமல் போச்சு. ஓவர்ரைமில திருப்பியும் பேர்ஜெரன். அந்தத் தோல்வி டிஃபென்ஸ்காரரின்ர, பெஞ்சின்ர தோல்வி. அதை ஒரு விங்கரின்ர தலையில கட்டுறது அநியாயம்.

அதே கெசல் 2016இல பிற்ஸ்பேர்க்குக்கு 24 பிளேஓஃப் மட்சில 22 பொயின்ட்ஸ் எடுத்து, அந்த அணியிலேயே முதலாவதா நிண்டு கப் எடுத்தார். 2017இலயும் எடுத்தார். பக்கத்தில ஆர் நிக்கினம் எண்டதில எவ்வளவோ இருக்கு. அங்க அவர் மூண்டாவது வரிசையில பொனினோ, ஹகெலினோட ஆடினவர். எதிர் அணியின்ர நல்ல டிஃபென்ஸ் எல்லாம் அந்த அணியின்ர நட்சத்திரங்களான குரொஸ்பியையும் மல்கினையும் பாக்கப் போயிடும். இங்க அவ்வளவு பேரும் கெசலைத்தான் பாத்தவை.

கறுப்புமஞ்சள்:

நான் பொஸ்டன் பக்கம். அந்த நேரம் எங்கட அரங்கான கார்டனில கெசலைக் கண்டாலே சனம் "நன்றி கெசல்" எண்டு ஒரே குரலில கத்தும்.

நீலக்கோடு விலையைப் பற்றிச் சொன்னதை நான் ஏற்கிறன். ஒண்டை மட்டும் சேக்கிறன். செகினின்ர 121 பொயின்ட்ஸுக்குள்ள அடங்காத ஒரு இரவு இருக்கு. 2011 பிளேஓஃபில முதல் ரெண்டு சுற்றும் அவரை ஆடவிடேல்லை. பேர்ஜெரனுக்குத் தலையில அடிபட்டபடியாத்தான் இடம் கிடைச்சது. தம்பா பேயோட ரெண்டாவது மட்ச், ரெண்டாவது பீரியட்: 19 வயசுப் பெடியன் அந்த ஒரு பீரியடுக்குள்ள ரெண்டு கோல், ரெண்டு அசிஸ்ட். 6-5 எண்டு வெண்டம். அந்தத் தொடர் ஏழு மட்சுக்குப் போய்த்தான் முடிஞ்சது. அந்த வருசம் கப்பும் எடுத்தம், 1972க்குப் பிறகு முதல்தரம்.

பிறகு எங்கட ஆக்கள் கையில இருந்ததைக் கொட்டினது உண்மைதான். 2013இல செகினை டலஸுக்குக் குடுத்தது எனக்கு இண்டைக்கும் ஆறேல்லை. 2015இல ஹமில்டனை கல்கரிக்குக் குடுத்து 15ஆவது பிக்கையும் ரெண்டு ரெண்டாம் சுற்றுப் பிக்கையும் வேண்டினம். 15இல செனிஷின் எண்ட பெடியனை எடுத்தம். அடுத்த 16இல நியூயோர்க் ஐலண்டர்ஸ், பிறகு நட்சத்திரமான மத்யூ பார்சலை எடுத்தது.

நீலக்கோடு:

கறுப்புமஞ்சள் சொன்ன கடைசிப் பந்திதான் தம்பி உங்கட கேள்விக்கு விடை. செகின் மூண்டு சீசனில போனது 2009 ட்ரேடின்ர குறை இல்லை. அது 2013 ட்ரேடின்ர குறை. ஒவ்வொரு ட்ரேடுக்கும் தனிக் கொப்பி வைக்க வேணும். ஒரு கொப்பியின்ர நட்டத்தை மற்றதில எழுதினா ரெண்டு கணக்கும் பிழைக்கும்.

எங்கட பக்கமும் அதே மாதிரித்தான். 2015 ஜூலை 1 கெசலை பிற்ஸ்பேர்க்குக்குக் குடுத்ததில ஒரு முதல் சுற்றுப் பிக் வந்தது. அவை கப் எடுத்தபடியா அது முப்பதாவது பிக்காப் போச்சு. அதை அனஹைமுக்குக் குடுத்து, இன்னொரு ரெண்டாம் சுற்றுப் பிக்கும் சேத்து, ஃபிரெட்ரிக் அன்டர்சனை கோலியா எடுத்தம். அஞ்சு சீசன் வலையில நிண்டவர். நல்ல வேலை. ஆனா அந்தப் புண்ணியம் 2015க்கும் 2016க்கும் போகட்டும். 2009க்கு அதில பங்கில்லை.

புதுப்பனிப் பெடியன்:

நன்றி அண்ணை, இப்ப நல்லா விளங்குது. அப்ப 2025 மார்ச்சில திருப்பியும் பொஸ்டனோட செய்த பிரண்டன் கார்லோ ட்ரேடை எப்பிடிப் பாக்கிறீங்கள்? அதிலயும் முதல் சுற்றுப் பிக் போனதே.

நீலக்கோடு:

போனது. இளம் ஆட்டக்காரர் ஃபிரேசர் மின்ரன், 2025 நாலாம் சுற்றுப் பிக், 2026 முதல் சுற்றுப் பிக். ஆனா இந்தமுறை 2026 பிக்கில முதல் அஞ்சுப் பாதுகாப்புப் போட்டவை. அந்த வருசம் முதல் அஞ்சுக்குள்ள விழுந்தா லீஃப்ஸ் வச்சிருக்கும், பொஸ்டனுக்குப் பிந்தின வருசத்தில போகும் எண்டது நிபந்தனை. கார்லோவின்ர சம்பளத்தில 15 வீதத்தையும் பொஸ்டன் தன்ர கணக்கில வச்சுக்கொண்டது. வலது கை டிஃபென்ஸ்காரர், ஒப்பந்தம் 2026-27 வரைக்கும். அண்டைக்கு எங்கட அணி பிளேஓஃபில நிச்சயம் இருக்கும் எண்ட நிலையில இருந்தது. 2009 அணி மாதிரி ஏழாவது பிக் எடுத்துப்போட்டு வந்த அணி இல்லை. அதால வேண்டப் போனதை நான் பிழை சொல்லமாட்டன்.

எனக்குக் குறையாப் படுறது அந்த அஞ்சு எண்ட இலக்கம். 2009இல இதே பாதுகாப்புப் போட்டிருந்தா செகின் தப்பியிருப்பார். ஹமில்டன் தப்பியிருக்கமாட்டார், ஏனெண்டா அவர் ஒன்பதாவதாப் போனவர். அதே நாள் பிலடெல்ஃபியாவிட்ட ஸ்கொட் லோட்டனை வேண்டேக்க 2027 பிக்குக்கு முதல் பத்துப் பாதுகாப்பு எழுதிக் குடுத்தவை. அங்க எழுத முடிஞ்சதைப் பொஸ்டனிட்டயும் விடாப்பிடியா நிண்டு கேட்டிருக்க வேணும். மின்ரனையும் சேத்துக் குடுக்கிறதெண்டா கேக்கிறதுக்கு உரிமையும் இருந்தது.