14 சைஸ் மோதிரம் வாங்கினேன், கட்டைவிரல்லயே சுத்துது. உதவி பண்ணுங்க

தர்மபுரிப்பையன்:
ஃபாரின் சைட்ல மோதிரம் வாங்கினேன். நம்ம ஊர்க் கடையில அளவு பார்த்துட்டுத்தான் 14 போட்டேன். வந்தது கட்டைவிரல்லயே லொடலொடங்குது. வர்ற முகூர்த்தத்துல நிச்சயம். மாத்த எந்த சைஸ் போடறது? அவசரம்.

மாங்கனி_கிருஷ்ணகிரி:
எந்த நாட்டு சைட்? யாருக்கு? பட்டை எத்தனை மி.மீ.? சுத்தி கல்லு இருக்கா? ஒண்ணுமே சொல்லாம சைஸ் கேட்டா எப்படி ப்ரோ?

அரூர்_டூவீலர்:
டூப்ளிகேட் சரக்கு. அளவே பார்க்காம அடிச்சிருப்பான். திருப்பி அனுப்புங்க.

கூம்புக்கம்பி:
மாசத்துக்கு நாலு பேர் இதையே கேக்கறீங்க, பழைய இழையைத் தேடிப் பார்க்க யாருக்கும் பொறுமை இல்ல. சரக்குல தப்பில்ல. நம்ம ஊர் 14ன்னா உள்சுற்றளவு 54 மி.மீ. வாக்குல வரும், சுற்றளவுல 40 கழிச்ச எண் அது. அமெரிக்க 14ன்னா உள்விட்டமே 23 மி.மீ. சந்தேகம்னா 2011 வரிசை மஞ்சள் அஞ்சு ரூபாய் காசை உள்ள விட்டுப் பாருங்க, அதுவும் 23 மி.மீ. தான். 2019 வரிசைக் காசு வேணாம், அது பெருசு.

தொப்பூர்_கணவாய்:
நம்ம 14க்கு அமெரிக்காவுல 7, பிரிட்டன்ல இங்கிலீஷ் எழுத்துல N½. ஐரோப்பாவுல பல நாட்டுல சுற்றளவே சைஸ், அதனால 54. இத்தாலியும் ஜப்பானும் 14 பக்கத்துலயே வரும். அதைப் பார்த்துட்டு எல்லா நாட்டுலயும் 14 போட்டுடறாங்க.

பாலக்கோடு_தக்காளி:
எதுக்கு இத்தனை கணக்கு? விரல்ல நூல் சுத்தி ஸ்கேல்ல வைங்க.

கூம்புக்கம்பி:
நூல் இழுபடும் தம்பி. அமெரிக்கக் கணக்குல ஒரு முழு சைஸுக்கே சுற்றளவு 2.5 மி.மீ. சொச்சம்தான். 1 மி.மீ. தப்பினா கிட்டத்தட்ட அரை சைஸ் போச்சு. காகிதத்தை 4 மி.மீ. பட்டையா வெட்டி, கணுவைத் தாண்டி வருதான்னு பார்த்துக் குறிங்க. மோதிர சைஸ் அட்டவணையை பிரிண்ட் எடுத்தா, அதுல இருக்கற கார்டு படத்து மேல ஏடிஎம் கார்டை வைங்க. கார்டு நீளம் 85.6 மி.மீ. படம் அதோட ஒத்துப்போகலைன்னா பிரிண்டர் சுருக்கிடுச்சுன்னு அர்த்தம்.

ஓசூர்க்குளிர்:
காலையில அளக்காதீங்க, குளிர்ல விரல் சுருங்கியிருக்கும்.

அரூர்_டூவீலர்:
உங்க ஊர்க் குளிர் உங்களுக்கு. எங்க வெயில்ல மத்தியானம் அளந்தா வீங்கின விரல்தான் கிடைக்கும்.

ஓசூர்க்குளிர்:
அதான் சாயங்காலம்னு சொல்ல வந்தேன்.

அரூர்_டூவீலர்:
சொல்லவே இல்லையே.

மாங்கனி_கிருஷ்ணகிரி:
வானிலை அறிக்கை போதும்பா. போஸ்ட் போட்டவர் எங்க?

தர்மபுரிப்பையன்:
அமெரிக்க சைட்தான். காசு கச்சிதமா உட்கார்ந்துச்சு. மோதிரம் எனக்குத்தான். 8 மி.மீ. பட்டை, சுத்தி கல்லு. பத்தர்கிட்ட குடுத்து சின்னதாக்கிக்கவா?

கூம்புக்கம்பி:
இதை முதல்லயே சொல்லியிருந்தா பாதி இழை மிச்சம். பத்தர்கிட்ட போகாதீங்க. உள்விட்டம் 23ஐ அமெரிக்க 7க்கான 17.3க்குக் கொண்டுவர சுற்றளவுல 18 மி.மீ. வெட்டி எடுக்கணும். சுத்திக் கல் பதிச்சதுல வெட்டக் காலி இடம் ஏது? வளைச்சா கல் தெறிக்கும். மாத்தித்தான் வாங்கணும். கடையில பார்த்தது மெல்லிசு வளையத்துலயா? அப்படின்னா 8 மி.மீ. பட்டை இறுக்கும், அரை சைஸ் கூட்டுங்க. ஏழரை.

தர்மபுரிப்பையன்:
நிச்சயத்துக்கு ஏழரையா? அம்மா காதுல விழுந்தா அவ்வளவுதான்.

தொப்பூர்_கணவாய்:
சுற்றளவு 55.7 வரும். நம்ம கணக்குல 16. வீட்டுல அதைச் சொல்லுங்க.

தர்மபுரிப்பையன்:
மெல்லிசு வளையம்தான். போட்டாச்சு. வீட்டுல 16.