டாட்நெட் 4.8 தெரிந்தவர் டாட்நெட் 8 வேலைக்கு விண்ணப்பிக்கலாமா?

கேள்வி:
மைக்ரோசாஃப்ட்டின் மென்பொருள் உருவாக்கும் தளமான டாட்நெட் பற்றி ஒரு சந்தேகம். வேலை விளம்பரங்களில் ‘டாட்நெட் 8 அனுபவம் தேவை’ என்று போடுகிறார்கள். என் ரெஸ்யூமில் இருப்பது டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8, வெப் ஃபார்ம்ஸ் (அதில் வெப் பக்கங்கள் செய்யும் பழைய முறை), எஸ்கியூஎல் சர்வர் (தரவுத்தளம்). 4.8-க்கு அடுத்து வந்ததுதான் 8-ஆ? நடுவில் ‘கோர்’ என்று வேறு ஒன்று வருகிறதே, அது என்ன? எவ்வளவு புதிதாகப் படிக்க வேண்டும்?

பதில் 1:
இல்லை நண்பரே, இரண்டும் வேறு வேறு. 2002-இல் வந்த ஃபிரேம்வொர்க் விண்டோஸில் மட்டும் ஓடும்; அது 4.8.1-உடன் நின்றுவிட்டது. லினக்ஸிலும் ஓடும்படி 2016-இல் வந்தது டாட்நெட் கோர். அது 3.1 வரை போனதும், 2020-இல் மைக்ரோசாஃப்ட் ‘கோர்’ஐ எடுத்துவிட்டு ‘டாட்நெட் 5’ என்று பெயர் வைத்தது. பழைய 4.x-உடன் குழம்பக் கூடாதென்று 4-ஐத் தாண்டினார்கள். ஆனால் ஏஎஸ்பி டாட்நெட் கோர் (வெப் பகுதி), என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோர் (ஈஎஃப் கோர், தரவுத்தளத்தோடு பேசும் பகுதி) இரண்டிலும் ‘கோர்’ என்ற சொல்லை விட்டுவைத்ததால் குழப்பம் தீரவே இல்லை.

ஒரு ப்ராஜெக்ட் எந்தப் பக்கம் என்று தெரிய அதன் அமைப்புகள் இருக்கும் சிஎஸ்ப்ராஜ் (.csproj) கோப்பைத் திறங்கள். ‘நெட்48’ அல்லது ‘வி4.8’ என்றால் பழையது. ‘நெட்8.0’ என்றால் புதியது. ‘நெட்’டுக்குப் பின் வரும் எண்ணில் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள், போதும்.

பதில் 2:
சி ஷார்ப் மொழி, அதில் தரவைத் தேடி எடுக்கும் லிங்க் (LINQ), தரவுத்தளத்தை அணுகும் ஏடிஓ டாட்நெட், எஸ்கியூஎல் எல்லாம் கைகொடுக்கும். ஃபிரேம்வொர்க்கில் இயல்பாக வருவது சி ஷார்ப் 7.3, டாட்நெட் 8-இல் 12. அந்த இடைவெளியைச் சீக்கிரம் கடந்துவிடலாம். அடி விழுவது வெப் ஃபார்ம்ஸில்தான். வியூஸ்டேட் (பக்கத்தின் நிலையை நினைவில் வைப்பது), சர்வர் கன்ட்ரோல் (சர்வரில் இயங்கும் பட்டன், பெட்டி போன்றவை) எதுவும் புதியதில் கிடையாது. ஏஎஸ்பி டாட்நெட் கோரில் பக்கங்கள் செய்யும் முறையான ரேசர் பேஜஸில் தொடங்குங்கள், பக்கம் பக்கமாக யோசித்துப் பழகியவருக்கு அது ஒத்துவரும். முதலில் டிபென்டென்சி இன்ஜெக்‌ஷன் (ஒரு கிளாஸுக்குத் தேவையானதை வெளியிலிருந்து கொடுக்கும் முறை), அடுத்து மிடில்வேர் பைப்லைன் (ஒவ்வொரு கோரிக்கையும் கடந்து போகும் படிகளின் வரிசை). இந்த இரண்டும் பிடிபடாமல் மேலே போகாதீர்கள்.

பதில் 3:
பழைய கோடு புதியதில் கம்பைல் ஆகிவிட்டதே என்று நம்பிவிடாதீர்கள். விண்டோஸின் பழைய எழுத்துக் குறியீட்டைக் கேட்கும் ‘கெட்என்கோடிங்(1252)’ என்ற வரி கம்பைல் ஆகும், ஓடும்போது பிழை தரும். கோட்பேஜஸ் என்கோடிங் ப்ரொவைடரை ப்ரோக்ராம் கோப்பின் தொடக்கத்தில் ஒருமுறை ரெஜிஸ்டர் செய்தால் சரியாகும். அசிங்க் மெத்தடை (பின்னணியில் வேலை முடிப்பதை) ‘.ரிசல்ட்’ போட்டு, முடியும்வரை காத்திருந்து அழைப்பது பழைய ஏஎஸ்பி டாட்நெட்டில் டெட்லாக் (ஒன்றுக்கொன்று காத்து நின்றுவிடுவது) ஆகும், உடனே தெரிந்துவிடும். கோரில் டெட்லாக் ஆகாது, கூட்டம் ஏறும்போது வேலை செய்யும் த்ரெட்கள் தீர்ந்து தளம் திணறும். அதனால் ‘அவெய்ட்’ போடுங்கள்.

ரெஸ்யூமில் வெறும் ‘டாட்நெட்’ என்று எழுதாதீர்கள். செய்து பார்த்த பிறகு ‘ஏஎஸ்பி டாட்நெட் கோர் 8, ஈஎஃப் கோர்’ என்று தனி வரியாகவே போடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. ஃபிரேம்வொர்க்கில் புரோகிராம்கள் ஒன்றோடொன்று பேச எழுதிய டபிள்யூசிஎஃப் (WCF) சர்வீஸ்கள் என்னாகும்?

பதில் 1:
அழைக்கும் பக்கத்துக்கு நியூகெட் (டாட்நெட் நூலகங்களின் களஞ்சியம்) பேக்கேஜ் உண்டு. சர்வர் பக்கம் டாட்நெட் 8-இல் இல்லை. கோர்டபிள்யூசிஎஃப் என்ற ஓப்பன் சோர்ஸ் ப்ராஜெக்ட்டைப் பாருங்கள்.