சென்ட் வாசனையை வைத்து ஆளை எடை போட்டு அசடு வழிந்த அனுபவம் உண்டா?

பெருங்களத்தூரான்
எங்கள் செக்‌ஷன் சூப்பிரண்டெண்டுக்கு ஆபீஸில் வைத்த பெயர் வீரப்பன். ஆள் மாடிப்படி ஏறும்போதே சந்தன அத்தர் நெடி மேலே வந்துவிடும். டீக்குக் கிளம்பியவன் அப்படியே சீட்டுக்குத் திரும்புவான். லீவு கேட்டால் தரமாட்டார், ஃபைலில் ஒரு கமா விட்டாலும் திருப்பி அனுப்புவார். 'தன்னைப் பற்றிப் பெரிய நினைப்பு, அதுதான் இப்படி அப்பிக்கொண்டு வருகிறார்' என்று நாங்களே தீர்ப்பு எழுதிவிட்டோம்.

ஆடிட் நேரம். பழைய ரெக்கார்டு ரூமில் நானும் அவரும் மட்டும். ஃபேன் ஓடவில்லை, இருவருக்கும் சட்டை நனைந்துவிட்டது. திடீரென்று கையில் இருந்த ஃபைல் கட்டைக் கீழே வைத்துவிட்டு, தோளை என் பக்கம் சாய்த்து, "தம்பி, என் மேல டெட்டால் வாடை வருதாப்பா? வந்தா சொல்லு, தப்பா நினைக்க மாட்டேன்" என்றார்.

வீட்டம்மா நாலு வருஷமாகப் படுத்த படுக்கை. படுக்கைப் புண்ணைத் துடைத்துக் கட்டு மாற்றிவிட்டுத்தான் தினமும் ஆபீஸுக்கு வந்திருக்கிறார். "இல்ல சார், சந்தனம்தான் வருது" என்றேன். முகம் தெளிந்து மறுபடி கட்டைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

வீரப்பன் என்று பெயர் வைத்தவன் நான்தான்.

ஷார்ஜா வாசி
படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன் சகோ. ஆனால் 'வாசனை ஆளைக் காட்டும்' என்ற பேச்சே எனக்கு ஒத்துவரவில்லை. நான் இருக்கும் ஊரில் வாசனை என்பது குணம் இல்லை, மரியாதை.

2009. நான் கணக்கு எழுதிக்கொடுக்கும் ஒரு அரபியின் வீட்டில் விருந்து. சாப்பாடு ஆனது, காவா என்கிற அரபுக் காப்பி வந்தது, அப்புறம் தணலில் ஊது என்கிற வாசனைக் கட்டை போட்ட கலசம் வந்தது. ஒவ்வொருவரும் புகையைத் தலைத்துணிக்கும் தாடிக்கும் இழுத்துவிட்டுக்கொண்டார்கள். நம் வீட்டு சாம்பிராணி மாதிரி என்று நானும் சட்டைக்குக் காட்டினேன். கலசம் ஒரு சுற்று வந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். நான் மட்டும் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து இன்னொரு காவா கேட்டேன். வீட்டுக்காரர் சிரித்த முகமாக உட்கார்ந்து ஊற்றிக் கொடுத்தார். அரை மணி நேரம் பேசினேன்!

திரும்பும்போது மலையாளி டிரைவர்தான் சொன்னார், ஊது வந்த பிறகு உட்காரக்கூடாது என்று அரபியில் பழமொழியே இருக்கிறதாம். இன்றைக்கும் நினைத்தால் காது சூடாகிறது.

அந்த ஊது வேறொன்றும் இல்லை, நம் சங்கப் பாட்டில் பெண்கள் கூந்தலுக்குப் புகை காட்டிய அகில்தான். காயம்பட்ட மரத்தில் பூஞ்சை பிடித்து, அதை எதிர்க்க மரம் ஊறவிடும் பிசினால் கட்டை கறுக்கும். அந்தக் கறுப்புக்குத்தான் விலை. ஆரோக்கியமான மரத்தில் மணமே கிடையாது.

தலைவலிக்காரி
மரியாதையாம். பூசிக்கொள்கிறவருக்கு மரியாதை, பக்கத்தில் இருப்பவருக்கு ஒற்றைத் தலைவலி.

சென்னையிலிருந்து மதுரை, ஏசி ஸ்லீப்பர் பஸ், ராத்திரி பதினொன்று. எதிர் பெர்த் பையன் சாக்ஸைக் கழற்றினான். அவனுக்கே தாங்கவில்லை போல, பாடி ஸ்ப்ரே எடுத்து 'உஸ்ஸ்ஸ்' என்று பத்து விநாடி அடித்தான். ஜன்னல் திறக்காது. விழுப்புரம் வருவதற்குள் எனக்கு வாந்தி. இறங்கும்போது "அக்கா, உங்களுக்கு பஸ் ஒத்துக்காதா?" என்று அக்கறையாக வேறு கேட்டான். நல்ல பையன்தான், அதுதான் இன்னும் எரிச்சல்.

பெருங்களத்தூரான் அண்ணே, உங்கள் கதையில் கண் கலங்கியது உண்மை. ஆனால் அவர் பக்கத்து சீட்டில் என்னை மாதிரி ஒருத்தி இருந்திருந்தால் அவள் கதை வேறு மாதிரி இருக்கும்.

மல்லிப்பந்தல்
கல்லூரியில் எனக்கு ஒரு சீனியர் அக்கா. அவர் நடந்து போனால் எலுமிச்சைப் பூவும் ஈர மண்ணும் கலந்த மாதிரி ஒரு குளிர்ச்சி. பேச்சும் அப்படியே இருக்கும், அலட்டல் இல்லாமல். பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு மூன்று மாதம் டியூஷன் எடுத்த காசில் அதே பாட்டிலை வாங்கினேன். போட்டுக்கொண்டு போன முதல் நாள், ரூம்மேட் மூக்கைச் சுளித்து, "ஏண்டி, காலையிலேயே பாத்ரூம் கழுவினியா?" என்றாள்.

பாட்டில் இன்னும் பீரோவில் இருக்கிறது. ஒரே சென்ட் ஒருத்தர் மேல் பூவாகவும் இன்னொருத்தர் மேல் பினாயிலாகவும் மணக்கிறது என்றால், அது ஆளைத்தானே காட்டுகிறது? அப்போது நான் யார் என்று யோசித்தேன் பாருங்கள், பத்தொன்பது வயதில் அதெல்லாம் தேவையா.

கவுண்டர் நம்பர் 4
மல்லிப்பந்தல், நீங்கள் யார் என்றெல்லாம் யோசிக்க வேண்டாம். தோல் வறண்டதா எண்ணெய்ப்பசை உள்ளதா, என்ன சோப்பு, என்ன கிரீம் என்பதைப் பொறுத்து வாசனை மாறும், அவ்வளவுதான். சென்னையில் ஒரு கடையில் ஏழு வருஷம் சென்ட் கவுண்டரில் நின்றவன் சொல்கிறேன்.

நீங்கள் செய்த தப்பு, அடுத்தவர் மேல் மணந்ததைக் கேட்டு வாங்கியது. அதைவிடப் பெரிய தப்பு காகிதப் பட்டையில் மோந்து பார்த்து வாங்குவது. முதல் கால் மணி நேரம் வருவது மேல் வாசனை, எலுமிச்சை ஆரஞ்சு வகையறா, சீக்கிரம் பறந்துவிடும். அப்புறம் பூக்கள். சாயங்காலம் மிச்சம் இருப்பது சந்தனம், கஸ்தூரி, வெனிலா மாதிரி அடி வாசனை. நீங்கள் வாழப்போவது அதோடுதான். அதனால் மணிக்கட்டில் ஒரு தடவை அடித்துக்கொண்டு வெளியே போய் டீ குடித்து, பஸ் பிடித்து, வீட்டுக்குப் போய்விடுங்கள். மறுநாளும் பிடித்திருந்தால் வாங்குங்கள். இரண்டு மணிக்கட்டையும் சேர்த்துத் தேய்க்காதீர்கள். வறண்ட தோல் என்றால் முதலில் கொஞ்சம் மணமில்லாத வாசலின். பாட்டிலை வெயில் படும் ஜன்னலில் வைக்காதீர்கள். ஒரே நாளில் நாலுக்கு மேல் மோந்து பார்த்தால் மூக்கு குழம்பிவிடும். காப்பிக்கொட்டையை மோந்தால் சரியாகும் என்று கடையில் கிண்ணம் வைத்திருப்போம். உங்கள் முழங்கையை நீங்களே மோந்துகொண்டாலும் போதும். 'ஓ டி டாய்லெட்' என்று போட்டிருந்தால் லேசு, 'ஓ டி பர்ஃபம்' என்றால் எண்ணெய் கூடுதல், அதை நாலு தடவை அடிக்கக்கூடாது. அந்த பஸ் பையனுக்கும் யாராவது இதைச் சொல்லுங்கள்.

தலைவலிக்காரி அக்கா, தினமும் போடுகிறவருக்குத் தன் சென்ட் தனக்கே தெரியாமல் போய்விடும். மூக்கு பழகிவிடும். அதனால்தான் வருஷத்துக்கு வருஷம் அளவைக் கூட்டுகிறார்கள், திமிரால் அல்ல.

குணம் பற்றி: 1921-இல் எர்னஸ்ட் போ தயாரித்து கோகோ சனேல் வெளியிட்ட நம்பர் 5-ஐ நூறு வருஷமாக எத்தனையோ பெண்கள் பூசுகிறார்கள். அத்தனை பேருக்கும் ஒரே குணமா? ஆனால் 2012-இல் வந்த ஒரு ஆய்வு யோசிக்க வைத்தது. பிராகில் செய்தது. ஆட்களின் உடல் வாசனையோடு அவர்களே தேர்ந்தெடுத்த சென்ட் கலந்தபோது, வேறு யாரோ கொடுத்த சென்ட் கலந்ததைவிட மோந்தவர்களுக்கு இனிமையாகப் பட்டிருக்கிறது. ஆக, தன் உடம்புக்குப் பொருந்துவதை மூக்கு தானாகவே தேடுகிறதோ என்னவோ.

என் அனுபவம்: ஒருவர் மாதாமாதம் வந்து ஒரே பெண்கள் சென்ட்டைத் தன் கைக்குட்டையில் ஒரு தடவை அடித்துக்கொண்டு போவார். வாங்கியதே இல்லை. நான் கேட்டதும் இல்லை.

ஷார்ஜா வாசி
கவுண்டர் சகோ, கடைசி இரண்டு வரிக்காக மேலே அவ்வளவு படிக்க வேண்டியிருந்தது. முழங்கை விஷயம் மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ரயில்வே ஓய்வு
டூட்டியில் கான்பூர் பக்கம் இருந்தபோது, அத்தர் காய்ச்சும் ஊரான கன்னோஜ் போனேன். பெரிய செம்பு அண்டாவில் பூவும் தண்ணீரும், மூடி இடுக்கில் களிமண் பூச்சு, கீழே விறகு, ஒரு மூங்கில் குழாய் வழியாக ஆவி பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியில் இருக்கும் குடுவைக்குப் போகிறது. குடுவையில் சந்தன எண்ணெய், அதுதான் மணத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மண் அத்தரும் உண்டு, சுட்ட களிமண்ணைப் போட்டு இறக்குகிறார்கள். ஒரு துளி கையில் வைத்தார்கள். ஜூன் மாதத்து அனலில், எங்கள் ஊர் முதல் மழை.

என் மண்டையில் நிற்பது அது இல்லை. அடுப்பு பார்க்கும் பெரியவரிடம் "நீங்க எந்த அத்தர் போடுவீங்க?" என்று என் அரைகுறை இந்தியில் கேட்டேன். எதுவும் போடுவதில்லையாம். மூடியில் கைவைத்துப் பார்த்து, கசியும் ஆவியை மோந்து பக்குவம் சொல்ல வேண்டும், தன் மேல் மணம் இருந்தால் வேலை கெட்டுவிடுமாம். நான் அன்று காலையில்தான் குட்டிக்கூரா பவுடரைக் கழுத்து வெள்ளையாகும் வரை போட்டிருந்தேன். பெரியவர் நாசூக்காக ஓர் அடி தள்ளியே நின்றிருந்தது அப்போதுதான் புரிந்தது.

மல்லிப்பந்தல்
@பெருங்களத்தூரான், அந்த சாரை அப்புறம் பார்த்தீர்களா?

பெருங்களத்தூரான்
ரிட்டயர்மெண்ட் அன்று மாலை போட்டதோடு சரி. போன தை மாதம் தாம்பரம் மார்க்கெட்டில் முருங்கைக்காய் பேரம் பேசிக்கொண்டிருந்தார். நன்றாக இளைத்திருந்தார். ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றேன், என் பெயரைச் சரியாகச் சொன்னார். பத்து நிமிஷம் பென்ஷன், முழங்கால் வலி, பையனின் வேலை என்று பேசினோம்.

சந்தனம் இல்லை. டெட்டாலும் இல்லை. வெறும் சலவைச் சட்டை வாசனைதான். அம்மா எப்படி இருக்காங்க என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.