வால்வு ஃபோனோ பிரீ தெரிவு: திருகோணமலையில் நாங்கள் கேட்டது

உப்புவெளியிலிருந்து

நிலாவெளித் தம்பி கேட்டிருந்தார்: “அண்ணை, கொஞ்சம் காசு சேர்ந்திருக்கு. இசைத்தட்டுக்கு நல்ல வால்வு ஃபோனோ பிரீ ஒன்று எடுக்கப் போறன். எடுத்தால் பிறகு மாற்றக் கூடாது. எதை எடுக்கிறது?” ஃபோனோ பிரீ என்பது தட்டிலிருந்து வரும் மிகச் சின்ன சிக்னலை ஆம்புக்குப் போதுமான அளவு பெருக்கும் பெட்டி. ஒரு பெயரைச் சொல்லிவிடலாம்தான். ஆனால் தம்பியின் டர்ன்டேபிளில் எந்தக் கார்ட்ரிட்ஜ் (ஊசி பூட்டிய முனை), பிரீக்குப் பின்னால் எந்த ஆம்ப், வீட்டு எர்த் எப்படி என்று தெரியாமல் சொல்லும் பெயரால் அவருக்குப் பயன் இல்லை. இந்த விடுமுறையில் என் வீட்டில் நாங்கள் கேட்டதை எழுதுகிறேன். பாதி விடை அதற்குள்ளேயே இருக்கிறது.

லண்டனில் இருக்கும் மச்சான் தன் ஈஏஆர் 834பி-யைக் கொண்டு வந்திருந்தார். மூன்று ஈசிசி83 வால்வு உள்ள சின்னப் பெட்டி. மூவிங் கொயில் என்ற, சிக்னல் மிகக் குறைவாகத் தரும் கார்ட்ரிட்ஜ் வகைக்கான ரான்ஸ்போமர் உள்ளேயே இருக்கிறது. உவர்மலை அக்கா டெனான் டிஎல்-103 கார்ட்ரிட்ஜ் பூட்டிய தன் டர்ன்டேபிளை ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தார். என்னிடம் இருந்தது ஓடியோ டெக்னிக்கா விஎம்95இ, சிக்னல் கூடத் தரும் மூவிங் மேக்னட் வகை. ஒப்பிட்டுப் பார்க்க என் பழைய ரான்சிஸ்டர் ஃபோனோவும் மேசையில் இருந்தது.

முதலில் என் கார்ட்ரிட்ஜில் ஒரு நாதஸ்வர எல்பியைப் போட்டோம். உண்மையைச் சொன்னால், ரான்சிஸ்டருக்கும் வால்வுக்கும் இடையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. வால்வில் சீவாளியின் கீச்சு சற்று இளகியது, அவ்வளவுதான். விஎம்95இ நான்கு மில்லிவோல்ட் தரும். நாற்பது டெசிபெல், அதாவது நூறு மடங்கு பெருக்கினால் போதும். அந்த வேலையை நல்ல ரான்சிஸ்டர் ஒன்றும் வடிவாகச் செய்யும்.

பிறகு அதே தட்டை அக்காவின் டிஎல்-103-இல் வைத்தோம். இது 1960களில் ஜப்பானின் என்எச்கே வானொலிக்காக டெனான் செய்த மூவிங் கொயில், இன்றும் விற்கிறார்கள். 0.3 மில்லிவோல்ட்தான் வரும். இங்கே கதை முழுக்க மாறிவிட்டது. என் பழைய ஃபோனோவில் சத்தத்தைக் கூட்டக் கூட்ட ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சலும் கூடவே ஏறியது. வால்வுப் பெட்டியில் ரான்ஸ்போமர் வழியாகப் போனபோது தவிலில் கழி விழும் பக்கத்தின் அதிர்வு அடங்கும் வரை கேட்டது. பின்னால் சுருதிக்கு ஒத்து ஊதுகிறவர் மூச்சு மாற்றுவதுகூடத் தெரிந்தது. அவரை அதுவரை நான் அந்தத் தட்டில் கேட்டதே இல்லை. மச்சான் எழும்பிப் போய்த் தட்டைத் திரும்ப முதலிலிருந்து வைத்தார், ஒருவரும் கதைக்கவில்லை.

ஆகவே தம்பி, கார்ட்ரிட்ஜை முதலில் முடிவு செய்யுங்கோ. மூவிங் மேக்னட்தான் என்றால் பெரிய காசு ஃபோனோவில் போட அவசரம் இல்லை. மூவிங் கொயிலுக்குப் போவதாக இருந்தால் அறுபது டெசிபெல் பெருக்கம் வேண்டும். அதை வால்வை மட்டும் வைத்து அமைதியாக எடுப்பது கடினம், அதனால்தான் நல்ல வால்வு ஃபோனோக்கள் பலவற்றில் ரான்ஸ்போமரோ, முதல் படியில் எஃப்இடி என்ற ரான்சிஸ்டர் வகையோ இருக்கும். ஒன்றுக்குப் பத்து ரான்ஸ்போமர் என்றால் 0.3 மில்லிவோல்ட் மூன்றாக ஏறும். பின்னால் இருக்கும் 47 கிலோஓம், கார்ட்ரிட்ஜுக்கு 470 ஓமாகத் தெரியும். டிஎல்-103 நாற்பது ஓம் என்பதால் அது பொருத்தம். ஒன்றுக்கு இருபது போட்டால் கிட்டத்தட்ட 117 ஓமாக இறங்கிவிடும். சிலருக்கு அது பிடிக்கும், எனக்கு மேல் சுரங்கள் மூடினமாதிரி இருந்தது.

மூவிங் மேக்னட் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். விளம்பரத்தாளில் இதை அதிகம் காண முடியாது. ஈசிசி83 முதல் படியில் இருந்தால் அந்த வால்வே நூறு பிகோஃபராட்டுக்கு மேல் கப்பாசிட்டன்ஸை உள்ளீட்டில் சேர்க்கும், மில்லர் விளைவு என்பார்கள். அதோடு டர்ன்டேபிள் வயரும் சேர்ந்தால் எளிதாக இருநூறு தாண்டும். விஎம்95 வரிசைக்கு ஓடியோ டெக்னிக்கா சொல்வது 100 முதல் 200 பிகோஃபராட் வரைதான். கூடிப்போனால் மேல் சுரத்தில் ஒரு மேடு எழும்பி, ‘ச’ ‘ஷ’ எல்லாம் குத்தும். வயரை மாற்றிப் பார்க்காமல் வால்வைக் குறை சொல்கிறவர்கள் பலர்.

உவர்மலையிலிருந்து

தம்பி, அவர் கார்ட்ரிட்ஜ் பக்கத்தைச் சொல்லிவிட்டார். நான் ஃபோனோவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன், ஏனென்றால் என் வீட்டில் கரைச்சல் அங்கேதான் இருந்தது.

ஈசிசி83-இன் உள்மின்தடை அதிகம், அறுபது கிலோஓம் அளவு. கடைசியில் கதோட் ஃபொலோவர் (வெளியீட்டு மின்தடையைக் குறைக்கும் வால்வுப் படி) இல்லாத ஃபோனோவை, பத்துக் கிலோஓம் உள்ளீடு உள்ள ரான்சிஸ்டர் ஆம்பில் கொழுவினால் சத்தம் போகும். கதோட் ஃபொலோவர் இருந்தாலும் அடிச் சுரம் போகலாம்: வெளியே போகும் கப்பாசிட்டர் 0.47 மைக்ரோஃபராட் என்று வையுங்கோ. பத்துக் கிலோஓமில் 34 ஹேர்ட்ஸிலேயே அது விழத் தொடங்கிவிடும். 47 கிலோஓம் ஆம்ப் என்றால் ஏழு ஹேர்ட்ஸ் வரை ஒன்றும் ஆகாது. நான் முதலில் கேட்டுப் பார்த்த ஒரு பெட்டி இப்படித்தான் மெலிந்து ஒலித்தது. அதே பெட்டியை வால்வு ஆம்ப் உள்ள இன்னொரு வீட்டில் கேட்டபோது மிருதங்கத்தின் தொப்பி நிறைந்து வந்தது. ஃபோனோவின் வெளியீட்டு மின்தடையைப் போல் பத்து மடங்காவது ஆம்பின் உள்ளீடு இருக்க வேண்டும். விற்கிறவரிடம் இந்த இரண்டு எண்ணையும் கேளுங்கோ. சொல்லத் தெரியாதவரிடம் அவ்வளவு காசு கொடுக்க வேண்டாம்.

பழைய வால்வுகள் பற்றியும் ஒரு வார்த்தை. அப்பா வால்வு ரேடியோ திருத்தியவர், எனக்குச் சின்ன வயதிலேயே டெலிஃபங்கன் வால்வைத் திருப்பிக் காட்டியிருக்கிறார். கண்ணாடியின் அடியில், கால்களுக்கு நடுவில், வைரவடிவக் குறி கண்ணாடியிலேயே பதிந்திருக்கும். பக்கத்தில் அச்சடித்த பெயரை யாரும் அச்சடிக்கலாம். இணையத்தில் எனக்கு ஒருவர் ‘பாவிக்காத பழைய ஸ்டொக்’ என்று அனுப்பியதில் பெயர் பளபளப்பாக இருந்தது, அடியில் குறி இல்லை, தட்டினால் ஸ்பீக்கரில் மணி அடித்தது. ஃபோனோவின் முதல் வால்வு மைக்ரோஃபோனிக் (தட்டினால் ஸ்பீக்கரில் ஒலிக்கும் குறை) இல்லாமல் இருப்பது, எந்த நாட்டில் செய்தது என்பதைவிட முக்கியம். இப்போது ஸ்லோவாக்கியாவிலும் ரஷ்யாவிலும் சீனாவிலும் புதிதாகச் செய்கிறார்கள். அவற்றில் இரைச்சல் குறைவானதைச் சோதித்துத் தரும் ஆளிடம் இருந்து வாங்குவது எனக்கு நிம்மதி.

நம் ஊரில் இன்னொரு நன்மை உண்டு. 2013-இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கையளிக்கும் வரை ஜெர்மன் வானொலியின் அஞ்சல் நிலையம் இங்கேதான் இயங்கியது. அந்த ஒலிபரப்பிகளின் பெரிய வால்வுகளோடு வேலை செய்து பழகியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். கருவியைத் திறந்து பார்க்க வேண்டி வந்தால் அவர்களில் ஒருவரைக் கூப்பிடுங்கோ. உள்ளே இருநூற்றைம்பது, முந்நூறு வோல்ட் ஓடும், சுவிட்சை அணைத்த பிறகும் கப்பாசிட்டரில் நிற்கும்.

கிண்ணியாவிலிருந்து

அஸ்ஸலாமு அலைக்கும். அண்ணனும் அக்காவும் எல்பிகளைப் பற்றித்தான் சொன்னார்கள். என்னிடம் இருப்பதில் பாதிக்கு மேல் பழைய தமிழ்ப் பாட்டு ஈபிக்கள், எல்லாம் மொனோ, அதாவது ஒரே சனல். எனக்கு ஃபோனோவில் மொனோ சுவிட்ச் இல்லாவிட்டால் பிரயோசனம் இல்லை. மொனோ தட்டில் பாட்டு பக்கவாட்டில் மட்டும் வெட்டப்பட்டிருக்கும். தூசு, கீறல், தேய்மானம் தரும் இரைச்சலில் பெரும்பங்கு மேல்கீழ் அசைவாக வரும். இரண்டு சனலையும் சேர்த்தால் அந்த மேல்கீழ்ப் பங்கு ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், பாட்டு நிற்கும். நான் முதல் தடவை அந்தச் சுவிட்சைத் திருப்பினபோது உம்மா குசினியிலிருந்து வந்து “புதுத் தட்டா?” என்று கேட்டார்.

எழுபத்தெட்டு வேகத் தட்டும் வைத்திருக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. ஆர்ஐஏஏ வளைவு, அதாவது தட்டை வெட்டும்போது அடிச் சுரத்தைக் குறைத்து மேல் சுரத்தைக் கூட்டும் அளவு, 1954-இல்தான் பொதுவானது. அதற்கு முந்தின தட்டுகளை ஒவ்வொரு கொம்பனியும் தன் தன் வளைவில் வெட்டியது. வளைவை மாற்றும் குமிழ் உள்ள ஃபோனோக்கள் இருக்கின்றன, விலைதான் கூட.

தம்பி ஜப்பானில் இருந்து பாவித்த சாமான் எடுக்க நினைத்தால், அது நூறு வோல்ட்டுக்கானது. நமக்கு 230 வோல்ட், ஐம்பது ஹேர்ட்ஸ். இடையில் வைக்கும் இறக்கு ரான்ஸ்போமரே ஃபோனோவுக்குப் பக்கத்தில் இருந்தால் உறுமலைக் கொண்டு வரும். அமெரிக்காவில் அறுபது ஹேர்ட்ஸுக்கு மட்டும் செய்த ரான்ஸ்போமர் இங்கே கூடச் சுடும். 230-க்கு மாற்றிக் கட்டக் கூடியதா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

உப்புவெளியிலிருந்து

கிண்ணியா நானா சொன்ன உறுமல் விஷயத்தை நான் விரிவாகச் சொல்ல வேண்டும். எனக்கு இந்த முழுக் கதையிலும் இதுதான் நடு.

தட்டில் அடிச் சுரத்தைக் குறைத்து வெட்டுகிறார்கள், ஃபோனோ அதைத் திரும்ப ஏற்றுகிறது. ஆயிரம் ஹேர்ட்ஸோடு ஒப்பிட்டால் ஐம்பது ஹேர்ட்ஸை ஏறத்தாழ பதினேழு டெசிபெல், அதாவது ஏழு மடங்கு கூட்டும். நம் கறண்ட் ஐம்பது ஹேர்ட்ஸ். அப்படியென்றால் வீட்டில் இருக்கும் ஒவ்வொரு சின்ன உறுமலையும் ஃபோனோ தேடிப் பிடித்துப் பெரிதாக்கும். விலை கூடின வால்வு ஃபோனோவில் காசு எங்கே போகிறது என்று பார்த்தால், மின் ரான்ஸ்போமரைத் தனிப் பெட்டியில் தள்ளி வைத்திருப்பார்கள், சூடாக்கிக்கு நேர்மின் கொடுத்திருப்பார்கள், உள்ளே கவசம் போட்டிருப்பார்கள். நாதஸ்வரத் தட்டில் ஒத்தும் உறுமலும் ஒன்றாய்க் கலந்துவிட்டால் அதைப் பிரித்துக் கேட்க எந்தக் காதாலும் முடியாது. அந்தப் பெட்டிக்குள் முதலில் தேட வேண்டியது இந்த அமைதியைத்தான். வால்வில் என்ன பெயர் எழுதியிருக்கிறது என்பதைக் கடைசியில் பார்க்கலாம்.

கடற்கரைப் பக்க வீடுகளில் கம்பி ஊன்றின எர்த் கச்சான் அடிக்கும் மாதங்களில் மணல் காய்ந்து பலவீனமாகும். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு அளக்கச் சொல்லுங்கோ, ட்ரிப் சுவிட்சும் சோதிக்கச் சொல்லுங்கோ. உறுமல் போகிறது என்று பிளக்கில் எர்த் காலைக் கழற்றிவிடும் பழக்கம் எங்கள் ஊரில் உண்டு. தயவுசெய்து வேண்டாம், அக்கா சொன்ன முந்நூறு வோல்ட்டை மறக்காதீங்கோ. டர்ன்டேபிளின் எர்த் வயரை ஃபோனோவின் குமிழில் இறுக்கினீர்களா, டிவி கேபிள் அதே ஆம்பில் கொழுவியிருக்கிறதா என்று பாருங்கோ. மின்விசிறி ரெகுலேட்டரைத் திருப்பும்போது ‘ஸ்ர்ர்’ கேட்டால் காரணம் அதுதான். ரான்ஸ்போமர் தனியாக இருந்தால் கையால் மெதுவாகச் சுழற்றிப் பாருங்கோ. ஒரு கோணத்தில் உறுமல் திடீரென்று விழும். அங்கேயே விடுங்கோ.

உப்புக் காற்றையும் கணக்கில் எடுங்கோ. ஆர்சிஏ முனைகளும் வால்வுக் கால்களும் மங்கிப்போகும், ஒரு பக்கம் சத்தம் விட்டுவிட்டு வரும். ஆறின பிறகு வால்வைக் கழற்றி, ஐசோபுரோபைல் அல்ககோலால் துடைத்துப் போட்டால் பெரும்பாலும் சரியாகும். இடி முழங்கும் காலத்தில் பிளக்கைச் சுவரிலிருந்து இழுத்துவிடுங்கோ.

நிலாவெளியிலிருந்து

எல்லோருக்கும் நன்றி. எழுதினதை வாசித்துவிட்டு ஆம்பின் கையேட்டைத் தேடி எடுத்தேன், உள்ளீடு இருபது கிலோஓம் என்று போட்டிருக்கு. நான் மனதில் வைத்திருந்த பெட்டி கதோட் ஃபொலோவர் இல்லாதது. அதை விட்டுவிட்டேன். இப்போது மான்லி சினூக் என்ற ஃபோனோ ஒன்றில் கண் இருக்கிறது, 6922 வால்வுகள், 45-உம் 60-உம் டெசிபெல் இரண்டும் வருமாம். கார்ட்ரிட்ஜ் டிஎல்-103-க்கே போகலாம் என்று நினைக்கிறேன். அண்ணை, மச்சான் திரும்பிப் போக முதல் ஒருக்கா என் டர்ன்டேபிளைக் கொண்டு வந்து அந்த ஈஏஆரில் கேட்கலாமா? என் சொந்தத் தட்டுகளோடு.

உப்புவெளியிலிருந்து

வாங்கோ தம்பி, ஞாயிறு பின்னேரம் நல்லது, அந்த நேரம் கறண்டும் நிதானமாக இருக்கும். ஊசிக் கவசத்தைப் போட்டு, ஆர்மைக் கிளிப்பில் பூட்டி, பின் எடையைக் கழற்றித் தனியாகச் சுற்றி வையுங்கோ. பிளேட்டரையும் பெல்ட்டையும் கழற்றித் தனிப் பையில் கொண்டு வாங்கோ. வால்வு சூடாக அரை மணி வேண்டும், நீங்கள் வர முதல் நான் போட்டு வைக்கிறேன்.